அடிக்குரலும் அரசியலும்: டெரி நகர் 'அண்டர்டோன்ஸ்' இசைக்குழு பற்றிய ஒரு மதிப்பீடு

போரும் அடக்குமுறையும் நிலவும் சூழலில் தோன்றும் கலை அவற்றைப் பற்றிப் பேசியே ஆகவேண்டுமா என்னும் வினா கலை இலக்கிய விமரிசனத்தில் அடிக்கடி எழுவதொன்றாகும். பேசவேண்டும் என்போர், பேசாமை அநீதிக்குத் துணைபோவதாகும் என்பர். பேசவேண்டியதில்லை என்போர், கலை தன் விதிகளுக்கே கட்டுப்பட்டது என்பர். இவ்விரு சாராரும் தத்தம் முடிவுகளைப் பொதுப்பட நிறுவிக்கொண்ட பின்னரே உதாரணங்களைத் தேடிச் செல்வது வழக்கம். குறிப்பிட்ட ஓர் இடத்தில், குறிப்பிட்ட சில ஆண்டுகளில், குறிப்பிட்ட சில மனிதர் ஆக்கிய கலையை முதலில் நுணுகி நோக்கி, அதன் பேச்சும் மௌனமும் எவற்றால் உருவாயின என்று கேட்பின், வினாவே வேறு வடிவம் பெறுவதைக் காணலாம். வட அயர்லாந்தின் டெரி நகரிலே 1975 ஆம் ஆண்டளவில் உருவாகி, 1983 இல் கலைந்துபோன 'அண்டர்டோன்ஸ்' என்னும் பொப் இசைக்குழு இவ்வகையில் ஆராயத்தக்கதோர் உதாரணமாகும்.

உரத்து ஒலிப்பதன் அடியிலே மெல்லக் கேட்கும் தாழ்ந்த குரல் என்பது அக்குழுவின் பெயர் தரும் பொருள்களுள் ஒன்று. வேகமும் இரைச்சலும் மிக்க இசையை வாசித்த ஐந்து இளைஞர் இப்பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்டமை தற்செயலாகவே இருந்திருக்கலாம். எனினும் அவர்களது பாடல்களை அவற்றின் காலத்தோடு வைத்து நோக்கும் ஒருவர் இப்பெயரை எளிதிற் கடந்துபோக முடியாது.

1

பாடல்களுக்குச் செல்லுமுன் நகரத்தை நோக்குதல் அவசியமாகும். டெரி, ஃபொயில் ஆற்றங்கரையில் அமைந்தது. பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலேயக் குடியேற்றத்தின்போது கட்டப்பட்ட மதில்கள் நகரின் நடுப்பகுதியை இன்றும் சூழ்ந்து நிற்கின்றன. மதில்களுக்குக் கீழே தாழ்நிலத்தில் பொக்சைட் என்னும் கத்தோலிக்கத் தொழிலாளர் குடியிருப்பும், அதற்கு அப்பால் மேட்டு நிலத்திலே கிரெகன் குடியிருப்பும் உள்ளன. நகரின் பெரும்பான்மையினர் கத்தோலிக்கராயிருந்தும், தொகுதி எல்லைகள் திட்டமிட்டு வகுக்கப்பட்டமையால் நகராட்சி பல தசாப்தங்களாகச் சிறுபான்மையினரான யூனியனிஸ்டுகளின் கையில் இருந்தது. வீடு, தொழில், வாக்குரிமை ஆகிய மூன்றிலும் நிலவிய பாரபட்சம் இவ்வமைப்பின் நேரடி விளைவாகும். மாகாணத்துக்கு இரண்டாவது பல்கலைக்கழகமொன்று நிறுவப்பட இருந்தபோது, அதனை டெரியில் அமையாது கொலரைன் என்னும் சிறுபட்டினத்தில் அமைக்குமாறு 1965 இல் விதந்துரைக்கப்பட்டமை நகரத்தாரின் மனத்தில் ஆறாப் புண்ணாயிற்று.

பொருளாதார நிலையும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. டெரியின் பிரதான கைத்தொழில் சட்டை தைத்தல். அத்தொழிற்சாலைகளில் உழைத்தோர் பெரும்பாலும் பெண்கள். ஆண்களிடையே வேலையின்மை பரவலாக இருந்தது. தாயும் சகோதரியும் தொழிற்சாலைக்குச் செல்ல, தந்தையும் மகனும் வீட்டிலிருப்பது பல குடும்பங்களில் இயல்பான காட்சியாயிற்று.

1968 ஒக்டோபர் 5 ஆம் திகதி டெரியில் நடைபெற்ற குடியுரிமை ஊர்வலம் பொலிசாரால் தடியடி கொண்டு கலைக்கப்பட்டது. 1969 ஓகஸ்டில் பொக்சைட்டில் மூன்று நாட் கலவரம் மூண்டது. பிரித்தானிய இராணுவம் தெருவுக்கு வந்தது. 1972 சனவரி 30 ஆம் திகதி, விசாரணையின்றித் தடுத்து வைத்தலுக்கு எதிராக நடந்த ஊர்வலத்தின்போது பரசூட் படைப்பிரிவினர் சுட்டதில் 13 பேர் அன்றே இறந்தனர். காயமுற்ற மேலும் ஒருவர் சில மாதங்களின் பின் இறந்தார். பின்னாளில் அண்டர்டோன்ஸ் குழுவின் பாடகராகிய ஃபேர்கல் ஷார்க்கிக்கு அப்போது வயது 13. கிற்றார் வாசித்த டேமியன் ஓ'நீலுக்கு வயது 11. இவர்களது இளமைப் பருவம் முழுவதும் இந்நிகழ்வின் நிழலிலேயே கழிந்தது.

இசையுலகமும் இச்சூழலுக்குப் புறம்பாக இருக்கவில்லை. 1975 யூலை 31 ஆம் திகதி, 'மியாமி ஷோபான்ட்' என்னும் புகழ்பெற்ற டப்ளின் இசைக்குழு வடக்கிலே நிகழ்ச்சியொன்றை முடித்துத் திரும்புகையில், போலிச் சோதனைச் சாவடியொன்றில் மறிக்கப்பட்டு, அதன் கலைஞர் மூவர் ஆயுதக் குழுவினராற் கொல்லப்பட்டனர். ஏற்கெனவே வடக்குக்கு வரத் தயங்கிய வெளியூர்க் குழுக்கள் இதன்பின் பெரும்பாலும் வருகையை நிறுத்திக்கொண்டன. வெளியிலிருந்து இசை வராத நகரத்தில், இசை வேண்டுமாயின் அதை அங்கேயே ஆக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. அண்டர்டோன்ஸ் குழுவின் தோற்றத்துக்குத் தனிமனித ஆற்றலினும் இவ்வெற்றிடமே கூடிய காரணமாயிற்று எனலாம்.

2

ஜோன் ஓ'நீல், அவர்தம்பி டேமியன் ஓ'நீல் ஆகிய இருவரும் கிற்றார் வாசித்தனர். மைக்கேல் பிராட்லி அடிநாதக் கிற்றாரும், பில்லி டொகேட்டி மேளமும் வாசித்தனர். ஃபேர்கல் ஷார்க்கி பாடினார். ஓ'நீல் சகோதரரின் வீட்டிலும் அயலவரின் கொட்டிலொன்றிலும் பயிற்சி நடைபெற்றது. 1977 இலிருந்து டெரியின் 'கஸ்பா' என்னும் மதுச்சாலையில் ஒழுங்காக வாசிக்கலாயினர்.

இவர்களுக்கு முன்மாதிரியாக அமைந்தது, 1976 இல் முதல் இசைத்தட்டை வெளியிட்ட நியூயோர்க்கின் 'ரமோன்ஸ்' குழு. நீண்ட கிற்றார் ஆலாபனைகளையும் பாரிய மேடை அலங்காரங்களையும் நம்பியிருந்த எழுபதுகளின் றொக் இசைக்கு எதிர்வினையாகப் பிறந்ததே 'பங்க்'. மூன்று சுரக்கூட்டுகளை வாசிக்கத் தெரிந்தவர் எவரும் மேடையேறலாம் என்பது அதன் எழுதாச் சட்டம். அதன் வேகத்தோடு அறுபதுகளின் பொப் பாடல்களுக்குரிய இனிய மெட்டையும், கூடிப்பாடத்தக்க பல்லவியையும் இணைத்த வகை பிற்காலத்தில் 'பொப் பங்க்' எனப் பெயர் பெற்றது. மான்செஸ்டரின் 'பஸ்கொக்ஸ்' குழுவோடு அண்டர்டோன்ஸ் குழுவையும் இவ்வகையின் முன்னோடிகளாகக் கொள்வது பொருந்தும்.

பெல்பாஸ்ட் நகரிலே 'குட் வைப்ரேஷன்ஸ்' என்னும் இசைத்தட்டுக் கடையை நடத்திய டெரி ஹூலி, 1978 இல் அதே பெயரில் உள்ளூர்க் குழுக்களின் பாடல்களை வெளியிடத் தொடங்கினார். குண்டுவெடிப்புகளால் இரவில் வெறிச்சோடிய நகரமொன்றில், இரு சமயத்து இளைஞரும் கலந்து நின்ற மிகச் சில இடங்களுள் அக்கடையும் அதனைச் சூழ்ந்த இசைக்கூடங்களும் அடங்கும். அந்நிறுவனத்தின் நான்காவது வெளியீடாக, 1978 செப்ரெம்பரில் அண்டர்டோன்ஸ் குழுவின் நான்கு பாடல் கொண்ட இசைத்தட்டு வெளிவந்தது. அதன் முதற்பாடலே 'டீனேஜ் கிக்ஸ்'.

பி.பி.சி. வானொலியின் அறிவிப்பாளர் ஜோன் பீல் 1978 செப்ரெம்பர் 25 ஆம் திகதி இப்பாடலை ஒலிபரப்பினார். முடிந்ததும் மீண்டும் ஒருமுறை ஒலிபரப்பினார். அமெரிக்க நிறுவனமாகிய 'சையர்' சில நாட்களுள் குழுவோடு ஒப்பந்தம் செய்தது. பாடல் பிரித்தானிய விற்பனை வரிசையில் 31 ஆம் இடத்தை எட்டியது. டெரியின் கொட்டிலொன்றிலிருந்து லண்டன் தொலைக்காட்சி மேடைக்குச் செல்ல இவர்களுக்குச் சில வாரங்களே தேவைப்பட்டன. இவ்வேகமே பின்னர் இவர்களைத் தொடர்ந்து இடர்ப்படுத்தியது என்பதும் கருதத்தக்கது.

3

'டீனேஜ் கிக்ஸ்' இரண்டரை நிமிடத்துக்குட்பட்ட பாடல். இளைஞனொருவன் தன் அயலில் வாழும் பெண்மீது கொள்ளும் ஏக்கமே அதன் பொருள். கதை இல்லை, திருப்பம் இல்லை, படிமம் இல்லை. சொல்லளவில் நோக்குவோர் அதனை வெறும் வாலிப விருப்பமெனத் தள்ளிவிடக்கூடும். ஆயின் பாடலின் உயிர் சொல்லில் மட்டும் இல்லை. இரு கிற்றார்களும் ஒரே கனத்தோடு முன்செல்ல, கைத்தட்டல் இடையிட்டு வர, அவற்றுக்கு மேலே ஷார்க்கியின் குரல் நடுங்கியபடி ஒலிக்கிறது. சிறுவயதிலே 'ஃபெஷ்' எனப்படும் ஐரிஷ் கலைப் போட்டிகளிற் பாடிப் பரிசு பெற்றவர் ஷார்க்கி. அமெரிக்கப் பாவனையோ லண்டன் பங்க் பாடகரின் ஏளனத் தொனியோ அவர் குரலில் இல்லை. விரைவான தாளத்தின் மேல் மிதக்கும் அந்நடுக்கம், ஏக்கத்தை அறிவிப்பதோடு நில்லாது, அதனைக் கேட்போர் உடலில் நிகழ்த்துகிறது. சாதாரண சொற்கள் அசாதாரண அவசரத்தோடு பாடப்படும்போது, அவ்வவசரம் எங்கிருந்து வருகிறது என்னும் வினா கேட்போர் மனத்தில் எழாமற் போகாது.

1979 மே மாதத்தில் முதல் நீளிசைத்தட்டு வெளிவந்தது. அதன் முதல் அட்டைப்படத்திலே ஐவரும் மதிலொன்றின் மீது, ஊர்ச் சந்தியிற் கூடும் இளைஞரைப் போன்றே அமர்ந்திருக்கின்றனர். முட்கம்பி இல்லை, இராணுவ வாகனம் இல்லை. டெரியிலிருந்து வந்த குழுவின் படத்தில் இவை இருக்கும் என எதிர்பார்த்த ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு அது ஏமாற்றமாகவே இருந்திருக்கும்.

அவ்வாண்டிலேயே வெளிவந்த 'ஜிமி ஜிமி' என்ற பாடல் தனித்துக் கவனிக்கத்தக்கது. கூடிப் பாடுவதற்கெனவே ஆக்கப்பட்டது போன்ற அதன் பல்லவி விளையாட்டரங்கின் ஆரவாரத்தை நினைவூட்டும். ஆனால் பாடலின் கதையோ, சொன்னபடி நடந்த சிறுவனொருவன் ஒருநாள் காணாமற் போனதும், அவனை ஏற்றிச் சென்ற நோயாளர் வண்டியை எவரும் காணாததும் ஆகும். அவனுக்கு நேர்ந்தது என்னவென்று பாடல் கூறுவதில்லை. இதனை அரசியற் பாடலென்று வலிந்து பொருள் கொள்ளுதல் தவறு; நோயுற்ற சிறுவனைப் பற்றிய பாடலாகவே அதனைக் கொள்ள இடமுண்டு. ஆயினும், பிள்ளைகள் வீடு திரும்பாமற்போவது அன்றாடச் செய்தியாகிவிட்ட நகரமொன்றில், ஆரவாரமான மெட்டினுள்ளே அடங்கிக் கிடக்கும் இத்துயரம் வேறோர் ஆழத்தைப் பெறுகிறது. மெட்டு ஒன்றைச் சொல்ல, அதன் அடியில் மற்றொன்று கேட்கிறது. குழுவின் பெயர் தரும் பொருளை இப்பாடலிற் போல வேறெங்கும் இவ்வளவு தெளிவாகக் காணமுடியாது.

1980 இல் ஒன்பதாம் இடத்தை எட்டிய 'மை பேர்ஃபெக்ட் கஸின்' குழுவின் விற்பனை வெற்றிகளுள் தலையாயது. டேமியன் ஓ'நீலும் பிராட்லியும் சேர்ந்து எழுதியது. குடும்பத்தார் எப்போதும் புகழ்ந்துரைக்கும், பட்டங்கள் பல பெற்ற, விளையாட்டிலும் தோற்காத ஒன்றுவிட்ட சகோதரன் மீது சாதாரண இளைஞனொருவன் கொள்ளும் எரிச்சலே அப்பாடல். அங்கதம் மென்மையானது, ஆனால் அதன் இலக்கு கூரியது. பாரபட்சம் மிக்க சமூகத்திலே கல்வியொன்றே மேலேறும் ஏணியாகும்போது, ஒவ்வொரு குடும்பமும் தன் பிள்ளைகளைப் பரீட்சைப் பெறுபேறுகளால் அளக்கத் தொடங்குகிறது. தன் பல்கலைக்கழகத்தைக் கொலரைனுக்குப் பறிகொடுத்த நகரத்தில், பட்டம் பெற்ற உறவினன் பெருமைக்கும் பொறாமைக்கும் ஒருங்கே உரியவனாகிறான். ஏணியில் ஏறாதோரின் குரலாக இப்பாடல் ஒலிக்கிறது. இதனைப் பல்கலைக்கழகச் சஞ்சிகையில் வாசிப்போர் எந்தப் பக்கத்தில் நிற்கின்றனர் என்பதைத் தாமே உணர்ந்துகொள்வர்.

4

இக்குழுவின்மேல் அன்றுதொட்டுச் சுமத்தப்பட்ட பிரதான குற்றச்சாட்டு, டெரியிலிருந்து வந்தும் டெரியைப் பாடவில்லை என்பதாகும். இதற்கு ஒப்பீடாக எப்போதும் காட்டப்படுவது 1977 இல் பெல்பாஸ்டில் உருவாகிய 'ஸ்டிஃப் லிட்டில் ஃபிங்கர்ஸ்' குழு. 'சஸ்பெக்ட் டிவைஸ்', 'ஓல்ட்டேர்னட்டிவ் அல்ஸ்டர்' ஆகிய அதன் பாடல்கள் இராணுவத்தையும் ஆயுதக் குழுக்களையும் நேரடியாகக் கண்டித்தன. 1979 இல் வெளிவந்த அதன் முதல் நீளிசைத்தட்டு சுயாதீன நிறுவனமொன்றின் வெளியீடாயிருந்தும் 14 ஆம் இடத்தை அடைந்தது. அக்குழுவின் பாடல் வரிகளை எழுதுவதில் கோர்டன் ஒகில்வி என்ற பத்திரிகையாளர் பங்கேற்றமையை முன்வைத்து, அப்பாடல்கள் வெளியிலிருந்து தூண்டப்பட்டவை என அண்டர்டோன்ஸ் குழுவினர் ஐயுற்றனர்.

இவ்விவாதத்தில் இரு பக்கத்திலும் எளிமைப்படுத்தல் உண்டு. பத்திரிகையாளர் பங்கேற்றார் என்பதனால் மட்டும் ஒரு பாடல் பொய்யாகிவிடாது. பெல்பாஸ்டின் இளைஞர் பலர் தம் சினத்தை அப்பாடல்களிற் கண்டனர். அவர்களுடைய அனுபவத்தைப் புறந்தள்ளும் உரிமை எவருக்கும் இல்லை. மறுபுறம், வன்முறையைப் பாடியதனால் மட்டும் ஒரு குழு நேர்மையானது என்றும், பாடாமையால் மற்றது கோழைத்தனமானது என்றும் கொள்வது விமரிசனமாகாது. பொருள்தெரிவு கலையின் தொடக்கம் மாத்திரமே.

அண்டர்டோன்ஸ் குழுவின் மௌனத்துக்கு மூன்று காரணங்களைக் குறிப்பிடலாம். முதலாவது, வெளியாரின் எதிர்பார்ப்பு. லண்டன் பத்திரிகையாளருக்கு டெரி இளைஞன் என்றால் கல்லெறிபவன் அல்லது சுடப்படுபவன். அவன் காதலிப்பதும், சொக்கலேற் தின்பதும், உறவினன்மேற் பொறாமை கொள்வதும் அவர்களுக்குச் செய்தியாகா. இரண்டாவது இசைத்தட்டின் முதற்பாடலுக்கு 'சொக்கலேற்றும் பெண்களும் பற்றிய இன்னுஞ் சில பாடல்கள்' என்னும் பொருள்படத் தலைப்பிட்டதன் மூலம் இவ்வெதிர்பார்ப்பை அவர்கள் நேரடியாகவே நையாண்டி செய்தனர். அத்தலைப்பு, 'டோக்கிங் ஹெட்ஸ்' குழுவின் 1978 ஆம் ஆண்டு இசைத்தட்டின் பெயரைக் கேலியாகத் தழுவியதாகும். அவ்விசைத்தட்டின் அட்டையில், குழுவினர் இருவர் நியூயோர்க் உணவகமொன்றிலே கழுத்தில் துணி கட்டிச் சிங்கறால் உண்ணும் காட்சி இடம்பெற்றது.

இரண்டாவது, வாழ்ந்தோரின் நிலை. சோதனைச் சாவடியையும் ரோந்து வீரரையும் நாள்தோறும் கடந்து செல்பவர்க்கு அவை புதிய பொருள்களல்ல. அவற்றைத் தினமும் காண்பவர், இரண்டரை நிமிடத்துக்கேனும் அவை இல்லாத ஓரிடத்தை விரும்புவது இயல்பு. இதைத் தப்பியோடலென்று பெயரிடுவோர், தப்பியோடுவதற்கு ஒருவர் ஊரை விட்டு வெளியேற வேண்டும் என்பதை மறந்துவிடுகின்றனர். புகழின் உச்சியில் இருந்தபோதும் இவர்கள் லண்டனிற் குடியேறாது டெரியையே தம் இருப்பிடமாகக் கொண்டிருந்தனர்.

மூன்றாவது, பேச்சு தரும் ஆபத்து. சிறிய நகரமொன்றில் ஒவ்வொரு சொல்லும் ஒரு பக்கத்துக்குரியதாக எண்ணப்படும். அங்கு மௌனம் என்பது பொருளின்மையாகாது. அதுவும் ஒரு மொழியே.

ஆனால் இக்காரணங்கள் அனைத்தையும் ஏற்றுக்கொண்ட பின்னரும் குறையொன்று எஞ்சுகிறது. அன்றாட வாழ்வையே பாடினர் என்பது இவர்களுக்காக முன்வைக்கப்படும் வாதமாயின், அவ்வன்றாட வாழ்வின் பாதி இவர்களது பாடல்களில் இல்லை என்பதையும் கூறவேண்டும். நகரின் குடும்பங்களைத் தாங்கி நின்ற தொழிற்சாலைப் பெண்கள் இப்பாடல்களில் இடம்பெறவில்லை. பெண் இங்கே ஏக்கத்துக்குரியவளாக, தொலைபேசியில் அழைக்காதவளாக, கைவிட்டுச் செல்பவளாக மட்டுமே வருகிறாள். அவள் என்ன எண்ணினாள், காலையில் எழுந்து எங்கே சென்றாள் என்பது கேட்கப்படவேயில்லை. இராணுவத்தைப் பாடாமையினும் இதுவே பெரிய மௌனம் எனக் கருதலாம். முன்னதற்குக் காரணங்கள் உண்டு. பின்னதற்கு வழக்கம் ஒன்றே காரணம்.

5

1981 இல் மௌனம் உடைய நேர்ந்தது. சிறைக்கைதிகளின் உண்ணாவிரதத்தில் அவ்வாண்டு பத்துப் பேர் உயிர்நீத்தனர். அவர்களுள் இருவர் டெரி நகரத்தவர். அவ்வாண்டு வெளிவந்த 'இட்ஸ் கோயிங் டு ஹப்பென்' என்ற பாடல் இப்போராட்டத்தினால் தூண்டப்பட்டது. முதலாவதாக இறந்த பொபி சாண்ட்ஸ் மே 5 ஆம் திகதி மரணமடைந்த நாட்களை அண்டி, பி.பி.சி. தொலைக்காட்சியின் 'டொப் ஒஃப் த பொப்ஸ்' நிகழ்ச்சியில் இப்பாடல் இடம்பெற்றபோது, டேமியன் ஓ'நீல் கையிற் கறுப்புப் பட்டி அணிந்து தோன்றினார்.

ஆயின் பாடலின் சொற்களில் உண்ணாவிரதம் பெயர்சொல்லிக் குறிக்கப்படவில்லை. துள்ளலான தாளமும் ஊதுகருவிகளின் உற்சாகமும் கேட்போரை வேறு திசைக்கே இட்டுச் செல்கின்றன. டெரியில் உள்ளவர் கறுப்புப் பட்டியின் பொருளை அறிந்திருப்பர். இங்கிலாந்தின் வரவேற்பறைகளில் இருந்த பெரும்பாலானோர் அதைக் கவனித்திருக்கவே மாட்டார்கள். 'ஜிமி ஜிமி' என்ற பாடலில் கலையாக அமைந்த மறைமுகம், இங்கே தயக்கமாகவே அமைந்துவிடுகிறது. முன்னதில் மெட்டுக்கும் பொருளுக்கும் இடையிலுள்ள முரண் பாடலுக்குள்ளேயே கேட்கிறது. பின்னதிலோ பொருளை அறிவதற்குப் பாடலுக்கு வெளியேயிருந்து ஒருவர் சொல்ல வேண்டியுள்ளது. மறைமுகமாகப் பேசும் கலைக்கும் மறைத்துப் பேசும் கலைக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை இவ்விரு பாடல்களும் நன்கு புலப்படுத்துகின்றன.

இக்காலம் முதல் குழுவின் வீழ்ச்சியும் தொடங்குகிறது. சையர் நிறுவனத்தை விட்டு நீங்கி, 'ஆர்டெக்' என்னும் சொந்தப் பெயரில் ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் வாயிலாக இசைத்தட்டுகளை வெளியிட்டனர். 1980 இல் ஆறாம் இடத்தை எட்டிய 'ஹிப்னொடைஸ்ட்' இசைத்தட்டைத் தொடர்ந்து, 1981 இல் 'பொஸிட்டிவ் டச்' 17 ஆம் இடத்தையும், 1983 இல் 'த சின் ஒஃப் பிரைட்' 43 ஆம் இடத்தையுமே பெற்றன. இறுதி இசைத்தட்டில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் 'சோல்' இசையின் செல்வாக்கு ஓங்கியிருந்தது. ஐஸ்லி பிரதர்ஸ், ஸ்மோக்கி ரொபின்சன் ஆகியோர் வழிவந்த பாடல்களும் அதில் இடம்பெற்றன. இசை நுட்பத்தில் அது குறைந்ததன்று. ஆனால் பதின்ம வயதின் அவசரத்தையே வடிவமாகக் கொண்ட குழுவுக்கு, அவ்வயது கடந்தபின் பேச வேறு மொழி வாய்க்கவில்லை. 1983 ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலே குழு கலைந்தது.

இக்கலைவை வெறும் தனிமனித முரண்பாடாகக் காண்பது போதாது. இசைச் சந்தை ஆண்டுதோறும் புதிய பண்டத்தை வேண்டியது. குழுவோ ஓரிடத்தில், ஒரு பருவத்தில் வேரூன்றியிருந்தது. சந்தை அப்பருவத்தையே மீண்டும் மீண்டும் விற்க விரும்பியது, குழுவினரோ வளர்ந்துவிட்டனர். வளர்ந்தவர் பாடியபோது வாங்குவோர் குறைந்தனர். குறுகிய வாழ்வு இத்தகைய வடிவத்தின் விபத்தன்று. அதன் இயல்பிலேயே பொதிந்திருந்தது.

பின்னர் நடந்தவை இதனை உறுதிப்படுத்துகின்றன. ஷார்க்கி தனித்துப் பாடி 1985 இல் பிரித்தானிய வரிசையின் முதலிடத்தைப் பெற்றார். அப்பாடலில் டெரியின் சாயல் எதுவுமில்லை. ஓ'நீல் சகோதரர் தொடங்கிய 'தட் பெற்றோல் இமோஷன்' என்னும் குழுவோ அரசியலை வெளிப்படையாகவே பேசியது. அண்டர்டோன்ஸ் குழுவில் ஒன்றாகப் பிணைந்திருந்த இனிமையும் அமைதியின்மையும் இவ்வாறு இரண்டாகப் பிரிந்து தத்தம் வழியே சென்றன. பிணைந்திருந்தபோதிருந்த ஆற்றல் பிரிந்தபோது இரண்டிலும் இல்லை. 1999 இல் வேறொரு பாடகரோடு குழு மீண்டும் கூடியது. அது பழைய பாடல்களைப் பேணும் பணியென்ற வகையில் மதிக்கத்தக்கது.

6

1972 சனவரியில் டெரியிற் சுடப்பட்டோர் அச்சுறுத்தல் எதனையும் விளைவிக்காத குடிமக்கள் என்பதைப் பிரித்தானிய அரசின் விசாரணையொன்று ஏற்றுக்கொண்டது 2010 யூன் மாதத்திலேயே ஆகும். அதற்கு 38 ஆண்டுகள் சென்றன. அரசும் நீதிமன்றும் பத்திரிகைகளும் சொல்லத் தவறிய உண்மையை, இருபது வயது நிரம்பாத இளைஞர் சிலர் கிற்றாரோடு நின்று சொல்லவில்லை என்று குறைகூறுவது, பொறுப்பை அதற்குரியோரிடமிருந்து கழற்றி எளியோர்மீது ஏற்றுவதாகும். அதேவேளை, சொல்லாமையையே ஓர் உயர்ந்த அரசியல் நிலைப்பாடாகப் பின்னாளில் உயர்த்திப் பேசுவதும் ஏற்கத்தக்கதன்று. அவர்களுள் சிலரே பின்னர் வெளிப்படையான பேச்சைத் தேடிச் சென்றமை, பழைய மௌனம் அவர்களுக்கே போதாமலிருந்தது என்பதைக் காட்டும்.

2004 இல் காலமான ஜோன் பீலின் கல்லறையிலே 'டீனேஜ் கிக்ஸ்' பாடலின் வரியொன்று பொறிக்கப்பட்டுள்ளது. டெரியின் கொட்டிலொன்றிற் பிறந்த பாடலின் வரி ஆங்கில நாட்டுப்புறத் தேவாலய முற்றமொன்றிற் கல்லில் நிலைத்திருப்பது வியப்புக்குரியதே. ஆனால் அப்பாடலின் பெறுமதி அதனாற் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. தமக்கென ஒரு பருவம் இல்லையென்று வரலாறு கூறிய நகரத்தில், அப்பருவம் தமக்கும் உண்டு என்று ஐந்து இளைஞர் ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் பாடினர். அவர்களது சிறந்த பாடல்களில் அவ்வுரிமைக்குரலும் அதன் அடியிலுள்ள அச்சமும் ஒருங்கே கேட்கின்றன. ஒரு கலையின் அரசியலை அதன் உரத்த சொற்களில் மட்டும் தேடும் விமரிசனம் அக்குரலைத் தவறவிடும். அதன் மௌனத்தைக் கேள்வியின்றிப் போற்றும் விமரிசனமோ அக்குரல் கூறாது விட்டவற்றைத் தவறவிடும். இரண்டையும் ஒருங்கே கேட்கும் செவியே விமரிசகனுக்கு வேண்டப்படுவது.